ஆவியை அளந்தார்கள், புகையின் குட்டு உடைந்தது!

ஒரு லாரி மேடு ஏறுகிறது. டிரைவர் ஓங்கி மிதிக்கிறார். உடனே லாரியின் பின்னாலே குபுகுபு என்று கரும்புகை கிளம்புகிறது.

ஓரமாக நடந்து போகிற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். இடுப்பில் இருக்கும் குழந்தை இருமுகிறது. லாரி போய்விடுகிறது, புகை மட்டும் அங்கேயே நிற்கிறது.

அந்தப் புகை என்ன?

சரியாக எரியாத டீசல்தான் அது! காசு கொடுத்து வாங்கிய எண்ணெய், முழு வேலையும் செய்யாமல் கரியாக மாறி வெளியே வருகிறது. காசும் போகிறது; நெஞ்சும் கெடுகிறது.

2012-ம் ஆண்டு ஜூன் மாதம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு ஒரு முடிவை வெளியிட்டது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே அந்த முடிவு.

ஆகவே, இது மெக்கானிக்குகளின் விஷயம் மட்டும் அல்ல. மூச்சு விடுகிற எல்லோருடைய விஷயமும் ஆகும்.

இந்தப் புகை என்ஜினுக்குள் எந்த இடத்தில் பிறக்கிறது? அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் என்ன?

இவற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

எண்ணெய் எரியாது, ஆவிதான் எரியும்!

அகல் விளக்கில் எண்ணெய் எரிகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் எண்ணெய் அப்படியே எரிவது இல்லை. திரியில் ஏறிய எண்ணெய், சூட்டில் ஆவி ஆகிறது. அந்த ஆவி காற்றோடு கலந்து எரிகிறது.

முன்பு நம் வீடுகளில் பம்ப் ஸ்டவ் இருந்தது. வயதான தாய்மார்களைக் கேளுங்கள்; கதை கதையாகச் சொல்வார்கள்.

ஸ்டவ்வின் தலை நன்றாகச் சூடேறும் முன்பு பம்ப் அடித்தால் என்ன நடக்கும்? மண்ணெண்ணெய் திரவமாகவே பீறிடும். மஞ்சளாக எரியும். பாத்திரம் எல்லாம் கரி பிடிக்கும்.

தலை சூடான பிறகு பம்ப் அடித்தால்? எண்ணெய் ஆவியாக வரும். காற்றோடு கலக்கும். நீல நிறமாக, புகை இல்லாமல் எரியும்.

மண்ணெண்ணெய் ஒன்றுதான். ஸ்டவ்வும் ஒன்றுதான். ஆவி ஆனதா, காற்றோடு கலந்ததா என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

டீசல் என்ஜினிலும் இதே கதைதான்.

இரும்புப் பெட்டிக்குள் ரகசியம்

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் என்பவர் ஜெர்மன் என்ஜினியர். 1858-ல் பாரிஸ் நகரில் பிறந்தவர். 1892-ல் தம் என்ஜினுக்கு உரிமை கேட்டு மனுப் போட்டார். 1897-ல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்ற ஊரில் அவருடைய என்ஜின் வெற்றிகரமாக ஓடியது.

அந்த என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் போட்டு அமுக்குவார்கள். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடுகிறது அல்லவா? அதுபோல, அமுக்கிய காற்று பயங்கரமாகச் சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

எண்ணெயைப் பீச்சுகிற உறுப்புக்கு இன்ஜெக்டர் என்று பெயர். அதன் நுனியில் சில துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையும் தலைமயிர் அளவுதான் இருக்கும்!

காரின் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 பார். இன்றைய இன்ஜெக்டரில் எண்ணெயின் அழுத்தம் 2,000 பார் வரையில்கூடப் போகிறது. டயரைப்போல் ஆயிரம் மடங்கு!

எண்ணெய் பீச்சப்படும் நேரம் எவ்வளவு? ஒரு விநாடியை ஆயிரம் கூறு போட்டால், அதில் சில கூறுகள்தான். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அந்தச் சில கூறுகளுக்குள் எண்ணெய் உடைந்து துளி ஆக வேண்டும். துளி ஆவி ஆக வேண்டும். ஆவி காற்றோடு கலக்க வேண்டும். பிறகு எரிய வேண்டும்.

இத்தனையும் இரும்புப் பெட்டிக்குள் நடக்கிறது. வெளியே இருப்பவருக்கு என்ன தெரியும்? சத்தம் கேட்கும், புகை தெரியும். அவ்வளவுதான்!

என்ஜினுக்கு ஜன்னல் வைத்தார்கள்

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியைச் சேர்ந்த பௌடிச் என்ற நிபுணர் ஒரு யுக்தி செய்தார். 1961-ல் அதை வெளியிட்டார்.

என்ஜினின் பிஸ்டனை நீட்டினார். அதன் தலையில் குவார்ட்ஸ் என்னும் கண்ணாடியைப் பதித்தார். கீழே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தார். உள்ளே எரிகிற தீ, அந்தக் கண்ணாடியில் தெரிந்தது! என்ஜின் ஓடும்போதே உள்ளே பார்க்க வழி பிறந்தது.

இன்றைக்கும் ஆராய்ச்சி என்ஜின்களில் இந்த முறை கையாளப்படுகிறது.

ஆனால், ஜன்னல் வைத்தால் மட்டும் போதுமா? போதாது. தீ தெரியும், துளி தெரியும். ஆவி தெரியாதே!

ஆவி கண்ணுக்குத் தெரியுமா?

"ஏன் தெரியாது? கொதிக்கும் கெட்டிலில் வெள்ளையாக ஆவி வருகிறதே!" என்று நீங்கள் கேட்கலாம்.

கெட்டிலின் மூக்கை உற்றுப் பாருங்கள். மூக்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் வெறுமையாக இருக்கும். அதற்கு அப்பால்தான் வெள்ளையாகத் தெரியும். அந்த வெறும் இடத்தில் இருப்பதுதான் உண்மையான நீராவி. வெள்ளையாகத் தெரிவது, ஆவி குளிர்ந்து உண்டான சின்னஞ்சிறு தண்ணீர்த் துளிகள்.

டீசல் ஆவியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாது. அதை எப்படி அளப்பது? விஞ்ஞானிகள் ஒளியை வைத்தே அதைப் பிடித்தார்கள். முக்கியமான 3 தந்திரங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதல் தந்திரம், கானல். வெயில் காலத்தில் தார் ரோட்டுக்கு மேலே காற்று நெளிவதுபோல் தெரியும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வேறு வேறு விதமாக வளைப்பதே காரணம். டீசல் ஆவியும் இப்படி ஒளியை வளைக்கும். அந்த வளைவைப் படமாகப் பிடிக்கும் வழியை 1864-ல் ஜெர்மனியைச் சேர்ந்த டோப்ளர் என்ற விஞ்ஞானி வகுத்தார். ஆவி எதுவரை போயிருக்கிறது என்பதை இந்தப் படம் காட்டும். எவ்வளவு ஆவி என்பதைச் சொல்லாது.

இரண்டாவது தந்திரம், கழித்தல் கணக்கு. பீச்சும் எண்ணெய்க்குள் 2 விதமான ஒளியை அனுப்புவார்கள். ஒன்று, கண்ணுக்குத் தெரியும் ஒளி. மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. தெரியும் ஒளியைத் துளிகள் மட்டும் தடுக்கும், ஆவி தடுக்காது. அகச்சிவப்பு ஒளியைத் துளியும் தடுக்கும், ஆவியும் விழுங்கும். இரண்டாவதில் ஏற்பட்ட குறைவிலிருந்து முதலாவதில் ஏற்பட்ட குறைவைக் கழியுங்கள். மிச்சம் என்ன? ஆவியின் கணக்கு!

பள்ளிக்கூடத்துப் பையன்கூடப் போடக்கூடிய கணக்குத்தான். அதை இங்கே கொண்டுவந்து பொருத்தியதில் இருக்கிறது சாமர்த்தியம்!

மூன்றாவது தந்திரம், நிறம் காட்டும் மருந்து. அமெரிக்க ரசாயன நிபுணர் லின் மெல்ட்டன் 1983-ல் இதை வெளியிட்டார். எண்ணெயில் 2 ரசாயனங்களைக் கொஞ்சம் கலந்துவிடுவார்கள். பிறகு லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். திரவமாக இருக்கும் எண்ணெய் ஒரு நிறத்தில் ஒளிவிடும். ஆவி ஆகிவிட்ட எண்ணெய் வேறு நிறத்தில் ஒளிவிடும். எது துளி, எது ஆவி என்று தனித்தனியே பார்த்துவிடலாம்.

இதில் ஒரு குறை உண்டு. பிராணவாயு இருந்தால் இந்த ஒளி மங்கிவிடும். ஆகவே, காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனில் வைத்தே இந்தச் சோதனையைச் செய்வார்கள். எந்தத் தந்திரமும் முழுவதும் குறை இல்லாதது அல்ல. அதனால்தான் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கிறார்கள்.

1997-ல் உடைந்த குட்டு

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லிவர்மோர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே சாண்டியா என்ற அரசாங்க ஆராய்ச்சி சாலை உள்ளது. 1973-ல் எண்ணெய்ப் பஞ்சம் வந்த பிறகு, எரிவதைப் பற்றி ஆராய அங்கே தனிக் கூடம் கட்டினார்கள்.

அங்கே ஜான் டெக் என்ற விஞ்ஞானி, ஒரு லாரி என்ஜினுக்கு ஜன்னல் வைத்து ஆராய்ந்தார். லேசர் ஒளியை மெல்லிய தகடுபோல் ஆக்கி உள்ளே பாய்ச்சினார். கத்தியால் கேக்கை வெட்டினால் உள்ளே இருப்பது தெரிகிறது அல்லவா? அதுபோல் தீயின் உள்பக்கம் தெரிந்தது.

பல ஆண்டுகளின் படங்களை எல்லாம் சேர்த்து, 1997-ல் அவர் ஒரு புதிய சித்திரத்தை வெளியிட்டார். என்ஜினியர்கள் திகைத்துப் போனார்கள்!

எண்ணெய்த் துளிகள் நெடுந்தூரம் பறந்து போய், தீயின் நடுவே இருக்கின்றன என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். அது தவறு. இன்ஜெக்டரிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்குள்ளேயே எல்லாத் துளியும் ஆவி ஆகிவிடுகிறது! அதற்கு அப்பால் திரவமே இல்லை.

கரி, தீயின் வெளி ஓரத்திலே பிறக்கிறது என்று எண்ணியிருந்தார்கள். அதுவும் தவறு. தாரையின் உள்ளேயே கரி பிறக்கிறது.

ஏன் அங்கே பிறக்கிறது? ஆவியை அளந்தபோதுதான் அது தெரிந்தது. அந்த இடத்தில் இருக்கும் காற்றைக்கொண்டு எவ்வளவு எண்ணெயை எரிக்க முடியுமோ, அதைப்போல் 2 முதல் 4 மடங்கு வரை எண்ணெய் ஆவி இருந்தது!

ஓர் ஆள் சாப்பாட்டுக்கு நாலு பேர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? எல்லோருக்கும் அரை வயிறு, கால் வயிறுதான். அதுபோல், காற்றுப் போதாத எண்ணெய் அரைகுறையாக எரிந்து கரி ஆகிறது. அந்தக் கரியில் பெரும்பகுதி பிறகு எரிந்துபோகும். எரியாமல் தப்பிய கரிதான் புகை!

குற்றவாளி எங்கே ஒளிந்திருக்கிறான் என்பது அன்று தெரிந்தது.

வழியும் பிறந்தது

நோய் இருக்கும் இடம் தெரிந்தால் மருந்து தேடலாம்.

அதே ஆராய்ச்சி சாலையில் டென்னிஸ் சீபர்ஸ் என்பவர், திரவ எண்ணெய் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்தார். துளை சிறுத்தால் அந்தத் தூரமும் சிறுக்கிறது என்று கண்டார். ஆனால், அழுத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்தத் தூரம் அவ்வளவாக மாறவில்லை.

இதற்குக் காரணம் என்ன? ஆவி ஆவதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் கொண்டுவருவது சுற்றிலும் உள்ள காற்று. எண்ணெய்த் தாரை காற்றை இழுத்துக் கலப்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கிறது.

ஆகவே, எரிவதற்கு முன்பே நிறையக் காற்றைக் கலக்கச் செய்ய வேண்டும். இதுதான் மருந்து.

பின்னர், சார்லஸ் முல்லர் என்பவர் ஓர் எளிய முறையைச் சோதித்தார். இன்ஜெக்டர் துளைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறிய குழாயை வைத்தார். எண்ணெய்த் தாரை அந்தக் குழாய் வழியாகப் பாயும்போது காற்று நன்றாகக் கலந்தது. கரி மிகவும் குறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்து ஆய்வுக் கூடத்தில் உள்ள பன்சன் அடுப்புத்தான் இந்த யோசனைக்கு அடிப்படை!

பல நாடுகள், ஒரே கணக்கு

இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. பல நாட்டு ஆராய்ச்சி சாலைகள் ஒன்று சேர்ந்தன. அமெரிக்கா, பிரான்ஸ், ஸ்பெயின், நெதர்லாந்து முதலிய நாட்டு விஞ்ஞானிகள் இதில் உண்டு. இந்தக் கூட்டுக்கு "என்ஜின் கம்பஷன் நெட்வொர்க்" என்று பெயர்.

எல்லோரும் ஒரே மாதிரியான இன்ஜெக்டரை எடுத்துக்கொண்டார்கள். துளை 0.09 மில்லிமீட்டர். எண்ணெயின் அழுத்தம் 1,500 பார். சுற்றிலும் உள்ள வாயுவின் சூடு சுமார் 627 டிகிரி. இந்தச் சோதனைக்கு "ஸ்பிரே ஏ" என்று பெயர் வைத்தார்கள்.

ஒருவர் அளந்ததை மற்றவரும் அளந்தார்கள். திரவ எண்ணெய் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் தூரத்தில் தீர்ந்துவிடுகிறது. அப்பால் எல்லாம் ஆவி.

அளந்த கணக்கை அவர்கள் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள். ஒரு மாணவனும் பார்க்கலாம். ஒரு பெரிய கம்பெனியும் பார்க்கலாம்.

இதைத்தான் நான் மிகவும் பாராட்டுகிறேன். பொதுமக்கள் பணத்தில் பிறந்த அறிவு, பொதுமக்களுக்கே உரியது. மூச்சுக்காற்றைப் பற்றிய கணக்கை ரகசியமாக வைக்க யாருக்கும் உரிமை கிடையாது!

கணக்கை மறைத்தால் என்ன நடக்கும்?

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது.

2015-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ந் தேதி, அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் இலாகா, ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி மீது குற்றம் சாட்டியது.

அந்தக் கம்பெனியின் டீசல் கார்களில் ஒரு கம்ப்யூட்டர் தந்திரம் இருந்தது. "இப்போது சோதனை நடக்கிறது" என்பதைக் கார் தானாகவே தெரிந்துகொள்ளும். அப்போது மட்டும் ஒழுங்காக நடக்கும். ரோட்டுக்கு வந்ததும், நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைச் சட்டம் அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை கக்கும்!

வாத்தியார் வரும்போது மட்டும் புத்தகத்தை விரிக்கும் பையனைப்போல!

உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்தத் தந்திரம் இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

இந்த மோசடி வெளிவர வழி செய்தவர்கள் யார்? மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் அளக்கும் கருவியைக் காருக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு, ரோட்டில் ஓட்டி அளந்தார்கள். குட்டு வெளிப்பட்டது.

தயாரிப்பவர் சொல்வதை மட்டும் நம்பினால் போதாது. சம்பந்தம் இல்லாத ஒருவர் அளந்து பார்க்க வேண்டும். அதுவும், வண்டி ஓடுகிற இடத்திலேயே அளக்க வேண்டும்.

"மின்சார வண்டி வந்துவிட்டதே!"

"இனி எல்லாம் மின்சார வண்டிதான். டீசல் ஆராய்ச்சிக்குப் பணம் செலவழிப்பது வீண் அல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். நகரத்து பஸ்களும் கார்களும் மின்சாரத்துக்கு மாறுவது நல்லது. அதை நானும் வரவேற்கிறேன்.

ஆனால், கடலிலே போகும் கப்பலைப் பாருங்கள். வயலில் உழும் டிராக்டரைப் பாருங்கள். மின்சாரம் போனால் ஆஸ்பத்திரியில் ஓடும் ஜெனரேட்டரைப் பாருங்கள். நெடுந்தூரம் சரக்கு ஏற்றிப் போகும் லாரியைப் பாருங்கள். இவை எல்லாம் ஒரே நாளில் மாறிவிடுமா? மாறாது. அவை ஓடும் வரையில், அவற்றின் புகையை நாம்தான் சுவாசிக்க வேண்டும்.

நாளைக்கு டீசலுக்குப் பதிலாக மெத்தனால் வரலாம், அம்மோனியா வரலாம், ஹைட்ரஜன் வரலாம். அவற்றையும் என்ஜினுக்குள் பீச்சித்தானே ஆக வேண்டும்? காற்றோடு கலக்கிறதா என்று பார்த்துத்தானே ஆக வேண்டும்? அதே ஜன்னலும் அதே ஒளியும் அப்போதும் உதவும்.

ஆகவே, இந்தச் செலவு வீண் அல்ல. ஆஸ்பத்திரிச் செலவைவிட ஆராய்ச்சிச் செலவு மேல்!

நாம் என்ன செய்ய வேண்டும்?

நம் நாட்டிலும் சட்டம் இறுகிவருகிறது. 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் புதிய வண்டிகளுக்கு "பாரத் ஸ்டேஜ் 6" விதி வந்தது. 2023 ஏப்ரல் முதல், ரோட்டில் ஓட்டி அளக்கும் முறையும் சேர்ந்தது. இது நல்ல காரியம்.

ஆனால், சட்டம் மட்டும் புகையைத் தடுக்காது. அளவு ஒழுங்காக இருக்க வேண்டும்.

டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை செய்கிறார்களே, அங்கே என்ன செய்கிறார்கள் தெரியுமா? வண்டியின் புகையைக் கருவிக்குள் விட்டு, அதன் ஊடே ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். எவ்வளவு ஒளி மறைகிறது என்று பார்க்கிறார்கள். பெரிய ஆராய்ச்சி சாலையில் நடப்பதற்கு இது தம்பி முறை!

அந்தச் சோதனை வெறும் சீட்டு வாங்கும் சடங்கு அல்ல. வண்டியைக் கொண்டுபோகாமல் சீட்டு மட்டும் வாங்குகிறவர் யாரை ஏமாற்றுகிறார்? தம் பிள்ளையின் மூச்சையே ஏமாற்றுகிறார்!

வண்டி வைத்திருப்பவர்கள் இன்ஜெக்டரைக் காலாகாலத்தில் சுத்தம் செய்ய வேண்டும். காற்று வடிகட்டியை மாற்ற வேண்டும். புகை கறுத்தால் காசு கரைகிறது என்று அர்த்தம்.

கம்பெனிகள் தங்கள் வண்டிகள் ரோட்டில் கக்கும் புகையின் கணக்கை மக்களுக்குப் புரியும்படி வெளியிட வேண்டும். அரசாங்கம் சொந்தமாக அளந்து, அந்தக் கணக்கையும் ஒளிக்காமல் போட வேண்டும்.

எண்ணெய் ஆவி என்ஜினுக்குள் ஒளிந்திருந்தது. அதையே ஒளியை விட்டுப் பிடித்துவிட்டான் மனிதன். வெளியே வந்து நம் கண் எதிரே நிற்கும் புகையை அளக்க முடியாதா?

முடியும்! மனம்தான் வேண்டும்.